மேசையின் நாலு ஓரத்துக்கும் ஒரே பட்டி எதற்கு?

கேள்வி: எனக்குத் திருத்தங்கல். சிவகாசி அச்சகம் ஒன்றுக்குப் பட்டாசுப் பெட்டி லேபிளும் காலண்டர் டிசைனும் வீட்டில் இருந்தபடியே செய்து கொடுக்கிறேன். நாலடிக்கு இரண்டடியில் எனக்கு நானே ஒரு மேசை செய்துகொண்டிருக்கிறேன். ஆறு நூல் பிளைவுட் அறுத்து வாங்கியாயிற்று. இரும்புக் கால் வெல்டிங் பட்டறையில் தயார். மேலே வெளிர் சாம்பல் நிற மைக்கா ஒட்டப்போகிறேன். ஓரத்துக்கு என்ன போடுவது என்பதில்தான் வேலை நிற்கிறது. பி.வி.சி. டேப் ஒட்டினால் போதும் என்கிறார் கடைக்காரர். தேக்குப் பீடிங் தவிர எதுவும் நிற்காது என்கிறார் எங்கள் தெரு ஆசாரி. மிஞ்சின மைக்காவையே கீறி ஒட்டு, காசு மிச்சம் என்கிறார் வீட்டுக்காரர். அச்சகத்தில் பேப்பர் வந்து இறங்கிய பாலெட் கட்டைகள் சும்மா கிடக்கின்றன, அதை அறுத்துப் போட்டால் என்ன என்பது என் யோசனை. மேற்குப் பார்த்த ஜன்னலடியில் மேசை வரும். நாள் முழுக்க என் கை அதன் ஓரத்தில்தான் இருக்கும். நாலு வயதில் ஒரு பையன் இருக்கிறான். கிளாம்ப், ரூட்டர் என்று பெரிய சாமான் எதுவும் என்னிடம் இல்லை. எதைப் போடட்டும்?

பதில்: தங்கச்சி, நாலு பேர் சொன்னதும் பாதி சரி. அவர்கள் ஒவ்வொருவரும் மேசையின் வேறு வேறு ஓரத்தை மனதில் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

உங்களுக்குத் தெரிந்த பொருளிலிருந்தே தொடங்குகிறேன். காலண்டருக்குத் தகரப் பட்டி அடிக்கும்போது நாலு பக்கமுமா அடிக்கிறார்கள்? மேலே ஒன்று, ஆணியில் தொங்கும் பாரத்தைத் தாங்க. கீழே ஒன்று, தாள் சுருளாமல் இருக்க. பக்கவாட்டில் பட்டியே கிடையாது, அங்கே அதற்கு வேலையும் இல்லை. மேசை ஓரத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். முன் ஓரத்தில் கை படும், நாற்காலி மோதும், பலகை தொய்வதும் அங்கேதான். பக்க ஓரம் இரண்டிலும் துடைப்பமும் பையனின் பொம்மை வண்டியும் இடிக்கும், மற்றபடி பார்வைக்குத்தான். பின் ஓரம் சுவரைப் பார்த்திருக்கும். அதை யாரும் பார்க்கமாட்டார்கள் என்பதாலேயே ஈரமும் கரையானும் அந்த வழியாகத்தான் வரும். மூன்றுக்கும் மூன்று மருந்து.

ஓரத்துக்கு முன்னால் பலகையைக் கொஞ்சம் பாருங்கள். ஐ.எஸ். 303 முத்திரையா, ஐ.எஸ். 710 முத்திரையா? முன்னது பொதுப் பயன்பாட்டு பிளைவுட், பின்னது மரைன். எழுதும் மேசைக்கு 303-இல் பி.டபிள்யூ.ஆர். தரம் தாராளம். மரைன்தான் வேண்டும் என்று யாராவது தலையில் கட்டியிருந்தால் அந்த வித்தியாசக் காசுக்கு நல்ல நாற்காலி ஒன்று வாங்கியிருக்கலாம். முத்திரையைவிட எனக்கு முக்கியம், அறுத்த ஓரத்தில் அடுக்குகளுக்கு இடையே ஓட்டை தெரிகிறதா என்பது. தீக்குச்சி நுழைகிற அளவுக்கு ஓட்டை இருந்தால் மரத்தூளை ஃபெவிகாலில் குழைத்து அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, உப்புத்தாள் போட்டுச் சமமாக்குங்கள். இதைச் செய்யாமல் மெல்லிய டேப்பை ஒட்டினால், ஒட்டின அன்று பளிச்சென்று இருக்கும். ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது ஓட்டை உள்ள இடமெல்லாம் பள்ளம் பள்ளமாகக் காட்டிக் கொடுத்துவிடும்.

இனிக் கடைக்காரர் சொன்ன பி.வி.சி. டேப். அவர் எடுத்துக் காட்டியது பெரும்பாலும் 0.8 மி.மீ. கனமுள்ள சுருளாகத்தான் இருக்கும். அதே சரக்கு 2 மி.மீ. கனத்திலும் வருகிறது, கேட்டால்தான் எடுப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உழைப்பில் மட்டும் இல்லை. எந்தப் பட்டியையும் அதன் கனத்துக்கு மேல் உருட்ட முடியாது. 0.8 மி.மீ. டேப்பின் முனையைச் சீவிவிட்டால் அது கத்தி முனைதான். 2 மி.மீ. என்றால் அந்த 2 மி.மீ. அளவுக்காவது மழுக்கலாம். நாள் முழுக்க மணிக்கட்டு அழுந்துகிற இடத்தில் இந்த 1.2 மி.மீ.-க்குப் பெரிய அர்த்தம் உண்டு. முழங்கையிலிருந்து விரலுக்குப் போகும் நரம்புகள் முன்கையின் அடிப்பக்கம் தோலுக்கு ரொம்பக் கீழே இல்லை. கூரான விளிம்பில் அவை மணிக்கணக்காக அழுந்தினால் சுண்டுவிரல் மரத்துப்போகும். மவுஸ் பிடிக்கிற கை உங்களுடையது. யோசித்துக்கொள்ளுங்கள்.

பி.வி.சி.-யை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்ணீர் உள்ளே போகாது, வளையும், நிறத்துக்கு நிறம் கிடைக்கும். அதன் பலவீனம் பசையில்தான் இருக்கிறது. தொழிற்சாலையில் மெஷினில் ஒட்டும்போது சூட்டில் உருகும் ஈ.வி.ஏ. பசையைப் பயன்படுத்துகிறார்கள். உருகி ஒட்டுகிற பசை, சூடு கண்டால் மறுபடி இளகவும் செய்யும். 70 டிகிரியை நெருங்கினால் அதற்குப் பிடி குறையும். வீட்டில் ஒட்டுகிறவர்கள் ரப்பர் சொல்யூஷன் வகைப் பசையை இரண்டு பக்கமும் தடவி ஒட்டுகிறார்கள். அது சூட்டில் இழுத்த பக்கம் மெல்ல நகரும். மேற்கு ஜன்னல் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் முதலில் இதைத்தான் நினைத்தேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால் அவ்வளவு பயமில்லை. ஜன்னலைப் பார்த்து உட்காருகிறீர்கள். வெயில் மேல்பலகையில் விழும். முன் ஓரத்தின் முகம் உங்களைப் பார்த்திருப்பதால் அதில் நேர்வெயில் படாது. பின் ஓரம் ஜன்னல் திண்டுக்குக் கீழே நிழலில் இருக்கும். நீங்கள் தேர்ந்தெடுத்த வெளிர் சாம்பல் நிறமும் நல்லதாய்ப் போயிற்று. கறுப்பு மைக்கா என்றால் சித்திரை மாதம் நாலு மணிக்குப் பலகையில் கை வைக்க முடியாது. ஒரு திரைச்சீலை தொங்கவிட்டுவிட்டால் பக்க ஓரங்களுக்கு 2 மி.மீ. பி.வி.சி. தாராளமாக நிற்கும். என் தீர்ப்பில் கடைக்காரருக்கு அந்த இரண்டு ஓரமும்.

வீட்டுக்காரர் சொன்ன மைக்கா பட்டிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. சூடு தாங்கும், சுருங்காது, மேல்பலகையின் அதே நிறம். ஆனால் மைக்கா என்பதே காகிதம்தான். பிசினில் ஊறவைத்த பழுப்புக் காகிதம் பல அடுக்கு, அதற்கு மேல் அச்சடித்த ஒரு தாள், எல்லாம் சேர்த்து அழுத்திச் சுட்டது. மர ரேகை போட்ட மைக்காவில் தெரியும் மரம், உங்கள் தொழில்காரர் யாரோ சிலிண்டர் போட்டு அச்சடித்த மரம். அதனால் வெட்டின இடத்தில் அந்தப் பழுப்பு நடுப்பகுதி ஒரு கோடாகத் தெரியும், வெளிர் சாம்பலுக்குப் பக்கத்தில் இன்னும் பளிச்சென்று தெரியும். 1 மி.மீ. கனம், அதுவும் உடையக்கூடியது. நாற்காலிக் கை இடித்தால் சில்லு பெயரும், பெயர்ந்த இடம் கீறும். முன் ஓரத்துக்கு அது ஆகாது. பக்கத்துக்குப் போட்டுத்தான் தீருவேன் என்றால் ஒரு முறைமை உண்டு. முதலில் ஓரத்தில் பட்டி, அது காய்ந்து சீவின பிறகு மேல்பலகை மைக்கா. மேல் மைக்கா ஓரப்பட்டியின் தலையை மூடி நிற்க வேண்டும். மாற்றிச் செய்தால் துடைக்கிற தண்ணீரெல்லாம் இடுக்கில் இறங்கும்.

மிஞ்சின மைக்காவுக்கு நான் வேறொரு வேலை வைத்திருக்கிறேன். பலகையின் அடிப்பக்கம். மேலே மட்டும் மைக்கா ஒட்டிக் கீழே வெறுமனே விட்டால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஈரம் குடிக்காது, பலகை மெல்ல வளையும். கீழே எந்த நிறமானாலும் சரி, மலிவான லைனரானாலும் சரி, ஒன்று இருக்க வேண்டும்.

ஆசாரியிடம் வருகிறேன். முன் ஓரத்துக்கு அவர் சொன்னதுதான் சரி: கட்டை மரத்தில் பீடிங். காரணம் அழகு என்று நினைத்துவிடாதீர்கள். மர ஓரத்தை மட்டும்தான் கைக்கு ஏற்ற மாதிரி உருட்ட முடியும். அடிபட்டால் பள்ளம் விழும், உப்புத்தாள் போட்டால் போய்விடும். பி.வி.சி. கிழிந்தால் மாற்றத்தான் வேண்டும். இன்னொன்று பலரும் கவனிக்காதது. நாலடி நீளத்துக்கு நடுவில் கால் இல்லாமல் நிற்கிற ஆறு நூல் பலகை, மானிட்டரும் பிரிண்டரும் ஏறி உட்கார்ந்தால் நாலைந்து வருடத்தில் முன்பக்கம் தொய்யும். பீடிங்கைப் பலகையின் கனத்துக்கே, முக்கால் அங்குலத்துக்கே நிறுத்தாமல் ஒன்றரை அங்குலம் உயரத்துக்குப் போட்டுக் கீழே தொங்கவிடுங்கள். ஒரு கட்டையின் விறைப்பு அதன் உயரத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. உயரம் இரண்டு பங்கானால் விறைப்பு எட்டுப் பங்கு. ஒரே செலவில் ஓரமும் ஆயிற்று, உத்தரமும் ஆயிற்று. ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம், தொடை இடிக்கும்.

கனம் எவ்வளவு? நாலு நூல், அதாவது அரை அங்குலம். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். சில ஆசாரிகள் மூன்று அங்குல அகலத்தில் தேக்குச் சட்டம் வைத்து நடுவில் மைக்கா ஒட்டித் தருவார்கள். பார்க்க ராஜாவீட்டு மேசை மாதிரி இருக்கும். ஒரு வருடம் போனால் சட்டத்துக்கும் மைக்காவுக்கும் நடுவில் கோடு விழும். தேக்கு ரொம்ப அடக்கமான மரம்தான், ஆனாலும் மரம். ஈரப்பதம் 1 சதவீதம் மாறினால் அகலவாக்கில் ஏறக்குறைய 0.2 சதவீதம் கூடும், குறையும். நம் மாவட்டம் மேற்குமலையின் மழை மறைவில் இருக்கிறது. வருடத்தில் பாதிக்கு மேல் காய்ச்சல்தான், ஐப்பசி கார்த்திகையில் மட்டும் எல்லாம் ஊறும். இரண்டுக்கும் நடுவில் மரத்துக்குள் ஈரம் 4 சதவீதம் மாறுகிறது என்று வையுங்கள். மூன்று அங்குலச் சட்டம் அரை மி.மீ.-க்கு மேல் நகரும், கண்ணுக்குத் தெரியும். அரை அங்குலப் பீடிங் 0.1 மி.மீ. நகரும், யாருக்கும் தெரியாது. நீளவாக்கில் மரம் நகர்வதே இல்லை என்று சொல்லிவிடலாம், அதனால் நாலடி பீடிங்கைப் பிளைவுட்டில் பசை போட்டு முழு நீளமும் ஒட்டுவதில் பயமே வேண்டாம். உயரவாக்கில் ஒரு முடி அளவு ஏறி இறங்கும், நகத்தை ஓட்டினால் தட்டும். விளிம்பை உருட்டிவிட்டால் அதுவும் போயிற்று.

தேக்குதான் வேண்டும் என்பதும் இல்லை. செங்கோட்டை, தென்காசிப் பக்கம் மரக்கடைகளுக்குப் போகிறவர்கள் வேங்கையோ வாகையோ துண்டாகக் கேட்டு வாங்கலாம். ஊர்ப்பக்கம் யாராவது பூவரசு வெட்டிப்போட்டிருந்தால் அது இதற்கு அருமையான மரம். கெட்டி, நெருங்கின இழை, கையில் வழுவழுவென்று வரும். இன்னொரு பெயரைச் சொன்னால் சிரிப்பீர்கள்: சீமைக்கருவேலம். நம் மாவட்டத்திலும் ராமநாதபுரத்திலும் மூட்டம் போட்டுக் கரியாக்கத்தான் அது லாயக்கு என்று முடிவு கட்டிவிட்டோம். நீதிமன்றமே வேரோடு பிடுங்கச் சொன்ன மரம். அதன் அமெரிக்கப் பங்காளிகளை மெஸ்கீட் என்று சொல்லி அந்த ஊரில் தரைக்கும் மேசைக்கும் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள், வெயிலுக்கும் மழைக்கும் சுருக்கம் விரிவு மிகக் குறைவான மரம் என்பதால். நம்மூர் மரத்தில் சிக்கல் வேறு. நேராக நாலடி கிடைப்பது குதிரைக் கொம்பு. வயதான அடிமரம் ஒன்று கிடைத்து, மில்லில் அரை அங்குலப் பட்டையாக அறுத்து, நிழலில் இடைவெளி விட்டு அடுக்கி இரண்டு மூன்று மாதம் போட்டுவைக்கப் பொறுமை இருந்தால் செய்து பாருங்கள். வெளிர்மஞ்சளாக இருக்கும் ஓரப்பகுதியை முழுக்கச் சீவிவிட வேண்டும், வண்டு துளைப்பது அதைத்தான். உள்ளே இருக்கும் செம்பழுப்பு வைரத்தில் இழைப்புளி அடிக்கடி மழுங்கும், திட்டாதீர்கள். நாலடி கிடைக்காவிட்டால் இரண்டு துண்டைச் சாய்வாக வெட்டி ஒட்டலாம். நேர்வெட்டாக ஒட்டினால் அந்த இடம் விட்டுவிடும்.

இப்போது உங்கள் பாலெட் யோசனை. முதலில் கட்டையில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுக் காகிதம் வந்த பாலெட் என்றால் கதிர் போட்ட சின்னமும் அதன் பக்கத்தில் நாட்டின் எழுத்தும் சூடு வைத்திருக்கும். அதோடு ஹெச்.டி. என்று இருந்தால் பூச்சி சாகும் அளவுக்குச் சூடேற்றிய மரம், வீட்டுக்குள் வரலாம். எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்ட மரம். அதை அச்சகத்திலேயே விட்டுவிடுங்கள். முத்திரையே இல்லாத உள்ளூர் பாலெட்டில் ரப்பர் மரமும் கலந்து வரும். மருந்தேற்றாத ரப்பர் மரம் வண்டுக்கு விருந்து. ஹெச்.டி. போட்ட பைனே என்றாலும் அது மென்மரம். நகத்தால் அழுத்தினால் தடம் விழும். முன் ஓரத்துக்கு வேண்டாம். மேசைக்கு அடியில் வயர் தொங்காமல் இருக்க ஒரு தட்டு, சி.பி.யு. வைக்க ஒரு மேடை என்று செய்துகொள்ளுங்கள். ஆணி ஒன்று விடாமல் பிடுங்கிவிட்டு ரம்பம் வையுங்கள்.

அலுமினியப் பட்டியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடையில் காட்டுவார்கள். பூச்சு இல்லாத அலுமினியம் தாளில் உரசினால் சாம்பல் தடம் விழும். ப்ரூஃப் பார்க்கிற மேசைக்கு அது சத்துரு.

வேலை முறைக்கு வருவோம். முதலில் மேலும் கீழும் மைக்கா. பிறகு பக்க ஓரங்களில் பி.வி.சி., அதை இரண்டு பக்கமும் சீவி முடித்துவிடுங்கள். கடைசியாக முன் பீடிங். அதன் நீளம் பலகையின் நாலடியோடு இரண்டு பக்க டேப்பின் கனத்தையும் சேர்த்து இருக்க வேண்டும், அப்போதுதான் டேப்பின் முனையை அது மறைத்து நிற்கும். டேப் எப்போதும் முனையிலிருந்துதான் பெயரும். பையன் விரலுக்கு எட்டாத இடத்தில் முனை இருந்தால் ஆயுசு கூடும். பிளைவுட் ஓரம் பசையை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் ஃபெவிகாலைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கி முதலில் ஒரு பூச்சு பூசிக் காயவிடுங்கள். பிறகு கெட்டிப் பசை போட்டு, பீடிங்கை மைக்காவுக்கு அரை மி.மீ. மேலே நிற்கும்படி ஒட்டுங்கள். கிளாம்ப் இல்லை என்றால் கவலை வேண்டாம். பழைய சைக்கிள் டியூபை ஒரு அங்குலப் பட்டையாக நீளமாக வெட்டி, பலகையைச் சுற்றி இழுத்து இழுத்துக் கட்டுங்கள், அரை அடிக்கு ஒரு கட்டு. இந்த வேலைக்குத் தேவையான பிடி அதில் வந்துவிடும். பசை வழிந்தால் ஈரத்துணியால் அப்போதே துடைத்துவிடுங்கள். ஒரு நாள் தொட வேண்டாம். ஆணி அடிக்கத் தோன்றும், அடிக்காதீர்கள். பசையின் பிடியே போதும். கை வியர்வைக்கு ஆணித் தலை துரு ஏறி மரத்தில் கறுப்புப் புள்ளி விழும். போதாததற்கு, உருட்டும்போது இழைப்புளியின் வாயும் போகும்.

காய்ந்ததும் மேலே நிற்கிற அரை மி.மீ.-ஐச் சீவ வேண்டும். மைக்காவில் இழைப்புளி கீறாமல் இருக்க, டை கட்டிங்கில் விழுந்த அட்டைத் துண்டு ஒன்றை மைக்கா மேல் செலோடேப்பால் ஒட்டிக்கொண்டு சீவுங்கள். உங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. கடைசி மயிரிழையை உப்புத்தாளுக்கு விடுங்கள். விளிம்பை உருட்ட ரூட்டர் தேவையில்லை. மேல் விளிம்பிலிருந்து இரண்டு நூல் தூரத்தில் இரண்டு பக்கமும் பென்சிலில் கோடு போட்டு, அந்தக் கோடுவரை சாய்வாகச் சீவுங்கள். பிறகு வந்த இரண்டு புது விளிம்பையும் லேசாகச் சீவி, உப்புத்தாளைக் கையிலேயே சுற்றிப் பிடித்துத் தேயுங்கள். கண்ணை மூடிக்கொண்டு முன்கையை வைத்துப் பாருங்கள். எங்கே விளிம்பு இருக்கிறது என்று கைக்குத் தெரிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். பையன் விஷயத்தில், நாலு வயதுக்கு மேசை உயரம் நெஞ்சுக்கும் முகத்துக்கும் நடுவில் வரும். பீடிங் அரை அங்குலம் இருப்பதால் அதன் இரண்டு முனையையும் மேலிருந்து பார்த்தால் அரை அங்குல வட்டமாகத் தெரியும்படி இழைத்துவிடலாம். பிளைவுட்டைத் தொட வேண்டியதே இல்லை.

பின் ஓரத்துக்குப் பட்டியே வேண்டாம். எனாமல் பெயின்ட் மிச்சம் இருந்தால் இரண்டு கோட் அடித்து அடைத்துவிடுங்கள். வயர் போக ஓட்டை போடுகிறீர்கள் என்றால் அந்த ஓட்டையின் உள்சுவருக்கும் அதே பூச்சு. தண்ணீர் டம்ளர் சாய்ந்தால் முதலில் போகிற இடம் அதுதான், பெரும்பாலான மேசைகளில் பச்சையாக விடப்பட்டிருப்பதும் அதுதான். சுவருக்கும் மேசைக்கும் அரை அங்குலம் இடைவெளி இருக்கட்டும். கரையான் சுவரிலிருந்து ஏறினால் மண்கோடு கண்ணில் படும்.

பீடிங்குக்கு பாலிஷ் என்ன? பிரெஞ்சு பாலிஷ் அழகு, ஆனால் சானிடைசர் பட்டால் கரையும், சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும். பி.யு. வார்னிஷ் மூன்று கோட், நடுவில் லேசாக உப்புத்தாள். பக்கவாட்டில் தெரியும் பீடிங் முனைக்கு ஒரு கோட் கூடுதல். எண்ணெய்ப் பூச்சு பிடிக்கும் என்றால் ஆளி விதை எண்ணெய் தடவலாம், கைக்கு அதைவிடச் சுகமான பூச்சு கிடையாது. ஆனால் அதைத் தடவின துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு கிளம்பும். கசங்கின துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி ஏறித் தானாகவே தீப்பிடிக்கும். ஈரம் பட்ட அலுமினியப் பவுடர் கலவை யாரும் தொடாமலே சூடேறுவது எப்படி என்று நம் பகுதியில் சின்னப் பிள்ளையும் சொல்லும். இதுவும் அதே சங்கதிதான். துணியை விரித்து வெளியில் கல்மேல் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்கிப் போடுங்கள்.

ரப்பர் சொல்யூஷன் பசையும் அப்படித்தான். அதன் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தரையாகப் பரவி, பக்கத்து அறையில் எரிகிற சாமி விளக்கு வரை போகும். கதவு ஜன்னல் திறந்து, அடுப்பை அணைத்து, விளக்கை அணைத்துப் பகலில் ஒட்டுங்கள். சொந்தக்காரர்களுக்கு அனுப்ப வாங்கி வைத்த பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது. டேப்பை வளைக்க ஹாட் ஏர் கன் இரவல் வாங்குகிறவர்களுக்கும் இதேதான்.

கேள்வி: சாத்தூரிலிருந்து எழுதுகிறேன். பிள்ளைகள் படிக்க வாங்கிய ரெடிமேட் மேசையில் ஓர டேப் முன்பக்கம் பெயர்ந்துவிட்டது. உள்ளே பலகை பொங்கி உதிர்கிறது. ஃபெவிகால் போட்டு டேப்பை மறுபடி ஒட்டினேன், பத்து நாள்கூட நிற்கவில்லை. என்ன செய்யலாம், ஐயா?

பதில்: டேப்பில் கோளாறு இல்லை, அது பிடித்துக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. அந்தப் பலகை மரத்தூளையும் சில்லையும் பசையில் அழுத்திச் செய்தது. ஒருமுறை தண்ணீர் குடித்துப் பொங்கிவிட்டால் காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. உதிர்கிற பரப்பில் எந்தப் பசையும் தூளைத்தான் பிடிக்கும். போதாததற்கு ஃபெவிகால் தண்ணீர் கலந்த பசை. பி.வி.சி. அந்தத் தண்ணீரைக் குடிக்காது, அதனால் அந்தப் பக்கம் பிடியே ஏறியிருக்காது.

பொங்கின பகுதி எவ்வளவு ஆழம் என்று ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பெரும்பாலும் அரை அங்குலம், ஒரு அங்குலத்துக்குள் இருக்கும். அதுவரை ஒரே நேர்க்கோட்டில் அறுத்து எடுத்துவிடுங்கள். மேல் தாள் சிதறாமல் இருக்க அறுக்கும் கோட்டின் மேல் செலோடேப் ஒட்டிக்கொண்டு, நெருங்கின பல் ரம்பத்தால் அறுக்க வேண்டும். கெட்டியான பகுதி வந்ததும் நிறுத்துங்கள். அந்த ஓரத்துக்கு இளக்கிய ஃபெவிகால் இரண்டு முறை பூசுங்கள், தூள் இறுகும். எவ்வளவு அறுத்தீர்களோ அதே அளவில் ஒரு ரீப்பர், தேக்கோ வேம்போ, நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து ஒட்டிவிட்டால் மேசை பழைய அளவுக்கு வந்துவிடும். அறுத்தது ஒரு அங்குலத்துக்கு மேல் போனால் மரத்தை ஒரு அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேசை கொஞ்சம் குறுகட்டும்.

ரீப்பர் போடும் முன் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பிள்ளைகள் பாட்டில் வைத்ததா, அல்லது வீடு கழுவும்போது கால்வழியாக ஏறியதா? கால்பலகையின் அடி ஓரமும் பொங்கியிருந்தால் இரண்டாவதும் சேர்ந்திருக்கிறது. மேசையைக் கவிழ்த்துப் போட்டு அடி ஓரத்துக்கு எனாமல் அடித்து, ஒவ்வொரு காலுக்கும் கீழே ரப்பர் புஷ் வையுங்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், தரையிலிருந்து அரை அங்குலம் தூக்கினால் போதும்.